மேஸ்திரி சிலைக்குக் கீழே இருந்த கல்

சாலையோரத்தில் என்னென்ன நிற்கின்றன என்று எழுதுவதுதான் என் வேலை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுவதற்கு முன்னால் ஒரு சர்வே நடக்கும். சாலை விளிம்பிலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கும் எதுவும் பட்டியலில் வந்தாக வேண்டும். மின்சாரப் பெட்டி, சின்டெக்ஸ் தொட்டி, டீக்கடையின் படி, ஆட்டோ ஸ்டாண்டின் கொடிக்கம்பம், மாதா கெபி, வேப்பமரத்தடி அம்மன் எல்லாமே வரும். ஒவ்வொன்றுக்கும் ஏழு கட்டங்கள்: வரிசை எண், நீளம், அகலம், உயரம், யாருடையது, என்ன ஆதாரம், என்ன செய்யலாம். கடைசிக் கட்டத்தில் மூன்று சொற்களில் ஒன்றை மட்டுமே எழுத முடியும். இருக்கட்டும், நகர்த்தலாம், அகற்றலாம்.

டிப்ளமோ முடித்த நாளிலிருந்து ஒரு தனியார் சர்வே நிறுவனத்தில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். பிடித்த வேலைதான். ஒரு தெருவைப் பார்த்தால் எனக்குப் பட்டியலாகத்தான் தெரியும். வீட்டிலும் அப்படித்தான், ஊருக்குப் போகும்போது பையில் வைப்பதை எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடிப்பேன். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே ஒரு பகுதி எங்கள் நிறுவனத்துக்கு வந்தபோது, வரிசை எண் நாற்பத்தொன்றாக ஒரு சிலை வந்தது. என் பெரியம்மா குடியிருக்கும் தெருவின் முனையில் இருந்த சிலை அது.

ஐந்தடி உயரம். சிமெண்ட். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, வலது கையில் தடி. உடம்பு முழுக்க வெள்ளி பெயிண்ட், பீடத்துக்கு நீலம். ஒரு வருடம் யாரோ தாரை அள்ளி முகத்தில் வீசிவிட்டார்கள், அதற்குப் பிறகு சுற்றிலும் இரும்புக் கூண்டு போட்டுப் பூட்டிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் சிலை என்றால் கூண்டும் சேர்ந்ததுதான் என்பதால் அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

சிலையில் இருப்பவர் வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் நிலக்கரி இறக்க ஆள் பிடித்துக் கொடுத்த மேஸ்திரி. தெரு அவரை மேஸ்திரி என்றுதான் சொல்லும். முப்பத்திரண்டு வீடுகளுக்கும் இடம் கொடுத்தவர் அவர் என்பது தெருவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த வீடுகளுக்குப் பட்டா கிடையாது. பழைய காகிதம் ஒன்று இருந்ததாகவும், ஒருமுறை கடல் உள்ளே வந்தபோது பெட்டியோடு போய்விட்டதாகவும் சொல்வார்கள். மிச்சமிருந்தது பீடத்தில் பதித்திருந்த ஒரு கடப்பா கல். மேஸ்திரி உயிரோடு இருந்தபோதே செதுக்கி வைத்த கல் அது, சிலை எவ்வளவோ பிந்தித்தான் வந்தது. பட்டா கேட்டுப் போட்ட மனு தாலுகா அலுவலகத்தில் பல வருடமாகக் கிடக்கிறது. அங்கே எப்போது போனாலும் ஏதாவது ஆதாரம் கொண்டு வரச் சொல்வார்கள். தெருக்காரர்கள் எப்போதும் அந்தக் கல்லைச் சொல்வார்கள்.

டிப்ளமோ படித்த மூன்று வருடமும் நான் பெரியம்மா வீட்டில்தான் தங்கியிருந்தேன். பெரியம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர். விடியும் முன்னால் நடந்து போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். அந்த வீட்டை விட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய் வைத்தால் அவரால் ஏலத்துக்கு வர முடியாது. பக்கத்தில் இரண்டு தெருக்களுக்கு அதுதான் நடந்திருந்தது. முதலில் சாலையோரத்தை அளந்தார்கள், அப்புறம் உள்ளே வந்து வீடுகளை அளந்தார்கள், பட்டா இல்லாத வீட்டுக்கெல்லாம் ஆக்கிரமிப்பு என்று எழுதினார்கள்.

நான் கருவியை முக்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பெரியம்மா கூடையோடு வந்து நின்றார்.

“இன்னா கண்ணு, வூட்டாண்டயே அளவெடுக்க வந்துட்ட. அவரத் தூக்கப் போறியா, எங்களத் தூக்கப் போறியா?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அளந்து முடித்து நீளம், அகலம், உயரம் எழுதினேன். ‘யாருடையது’ என்பதில் தெருவின் பெயரை எழுதினேன். ‘என்ன ஆதாரம்’ என்ற கட்டத்துக்கு வந்தபோது கல்லைப் படிக்கக் குனிந்தேன்.

எழுத்தே இல்லை. நீல பெயிண்ட் வழவழவென்று இருந்தது.

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, மேஸ்திரி இறந்த நாளுக்கு முந்தின வாரம், படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர்கள் கூலி வாங்காமல் சிலைக்கு அடிப்பார்கள். பைபர் படகுக்கு எதை அடிப்பார்களோ அதையேதான் இங்கேயும் அடிப்பார்கள். படகில் ஒரு கீறல், ஒரு பள்ளம் இருந்தாலும் அதில் தண்ணீர் இறங்கிவிடும் என்பதால் முதலில் பட்டி வைத்து எல்லாப் பள்ளத்தையும் அடைத்து, தேய்த்து, அதற்கு மேல்தான் வண்ணம். சிலைக்கும் அதே மரியாதை நடந்தது. செதுக்கிய எழுத்தும் அவர்களுடைய கைக்குப் பள்ளம்தான். எத்தனை வருடமாக அடைத்தார்களோ, நான் அங்கே தங்கியிருந்த மூன்று வருடத்திலும் அந்தக் கல்லில் ஒரு எழுத்தைக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். வடிகால் வேலையைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் என் தாளைப் பார்த்தார். அவரிடம் ஏற்கெனவே இரண்டு மனுக்கள் இருந்தன. சிலையை அகற்ற வேண்டும் என்பது ஒன்று, தொடக் கூடாது என்பது இன்னொன்று. எதிர்ப்பக்கம் மின்சாரக் கேபிள் போவதால் வடிகாலை அங்கே வளைக்க முடியாது என்றார். ஆதாரம் இருந்தால் அந்த இடத்தில் வேலையை நிறுத்தி, தாலுகா அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் வந்து பார்த்த பிறகு நகர்த்தலாம். இல்லாவிட்டால் அகற்றலாம். நான் மனுக்களைப் பற்றிக் கேட்டேன்.

“நல்லவரா கெட்டவரான்னு நம்ம தாள்ல கட்டம் கிடையாது மேடம். கல்லுல என்ன இருக்குதோ அதைப் பாத்து எழுதுங்க. அடுத்த திங்கக்கெழம இறுதி பண்ணிடலாம்.”

அகற்றச் சொன்ன மனுவில் முதல் கையெழுத்து என் தோழியுடையது. டிப்ளமோவில் மூன்று வருடமும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் வீடு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவளோடு படித்த காலத்தில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பஸ் நிறுத்தத்துக்கு அவளும் அவள் அம்மாவும் நேர் வழியில் வர மாட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, சுற்றிக்கொண்டு வருவார்கள். குப்பை மேடு, சாக்கடை, கூட்ஸ் வண்டி எல்லாம் தாண்டி வருவார்கள். ஏன் என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சிலைக்கு முன்னால் நடப்பதில்லை என்று மட்டும் சொன்னாள். அப்போது அதை நான் வேண்டுதல் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவளைத் தேடிப் போனேன். மணலியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்தவளோடு டீக்கடையில் நின்றேன். அவள் கொள்ளுத்தாத்தா நிலக்கரிக் கூடை சுமந்தவர். கூலி உயர்வுக்காகப் பலரும் கூடையைக் கீழே வைத்து வேலையை நிறுத்திய நாளில், யார் யார் பேசினார்கள் என்று போலீஸை அழைத்து வந்து குடிசை குடிசையாகக் காட்டிக்கொடுத்தவர் மேஸ்திரி. கொள்ளுத்தாத்தாவின் வலது கையை உடைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் கூடை தூக்கவில்லை. இதை அவள் கோபமில்லாமல், பரிசோதனை முடிவைப் படிக்கிற குரலில் சொன்னாள். அப்புறம்தான் எனக்குத் தெரியாத பகுதிக்கு வந்தாள்.

“உங்க பெரியம்மா தெருவுக்கு அவரு எடம் குடுத்தாரு, சரி. அது யாரு குடிசை நின்ன எடம்னு கேட்டுகிறியாடி?”

நான் கேட்டதில்லை.

“எங்களுது. எங்கள வெரட்டிட்டு, வேலைய நிறுத்தாம செஞ்சவங்களுக்குக் குடுத்தாரு. கல்லுல அப்டியேதான் எழுதிகீதாம். வேலையை நிறுத்தாத விசுவாசிகளுக்குன்னு. எங்க வூட்ல அத்த மனப்பாடமா சொல்லுவாங்க.”

அதனால்தான் அவளுடைய மனுவில் இரண்டு கோரிக்கைகள் இருந்தன. சிலை போக வேண்டும். கல் இருக்க வேண்டும், எழுத்து தெரியும்படி, பக்கத்தில் நடந்ததைச் சொல்லும் ஒரு பலகையோடு. அவர் செய்ததற்கு அவரே எழுதிக் கொடுத்த சாட்சி அது என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது உண்மையானால் பெரியம்மாவுக்கு வேண்டியதும் அவளுக்கு வேண்டியதும் ஒரே கல்லில், ஒரே வரியில் இருந்தன. இடம் கொடுத்தது உண்மை, யாரிடமிருந்து பிடுங்கி யாருக்குக் கொடுத்தார் என்பதும் உண்மை. பெரியம்மாவின் முன்னோர் அந்த நாளில் கூடையைக் கீழே வைக்காதவர்கள். பசியால் வைக்கவில்லையோ பயத்தால் வைக்கவில்லையோ, எனக்குத் தெரியாது.

சிலை போகலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரு குடும்பம் சாக்கடையைத் தாண்டிச் சுற்றிப் போகிறது என்றால் அந்த முனையில் அந்த ஆள் தடியோடு நிற்க வேண்டியதில்லை. ஆனால் சிலை போகிற நாளில் ஜேசிபி பீடத்தையும் சேர்த்துத்தான் அள்ளும். தாலுகா அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கல்லைப் பார்க்கும்வரை, இரண்டு வாரம் மனுவை நிறுத்தி வைக்க முடியுமா என்று அவளைக் கேட்டேன்.

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“நாலு தலமொறையா தண்டவாளத்து மேல நடக்குறோம். ரெண்டு வாரம் இன்னா பெரிய விசயம். ஆனா அத்த நீ என்னாண்ட கேக்குற பாரு.”

பிறகு அவளே சமாதானமாகி, கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றாள். பெயிண்டை ரசாயனம் தடவி மெதுவாக ஊறவைத்து எடுப்பாராம். புதன்கிழமை வர முடியும். இறுதித் தாளைப் புதன் மாலைவரை தள்ளிப்போட்டுத் தருவதாக உதவிப் பொறியாளரும் போனில் ஒப்புக்கொண்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒவ்வொன்றாக அடித்துவிட்ட பட்டியலைப் பார்க்கிற நிம்மதி.

அந்த நிம்மதியில்தான் பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். கல்லில் உள்ளதை என்னால் படிக்க முடிந்தால் தாளில் எழுதிவிடுவேன், எழுதினால் தாலுகா ஆபீஸ் வந்தே ஆக வேண்டும் என்று சொன்னேன். புதன்கிழமை ஒருவர் வருகிறார், அதுவரை தொடாதீர்கள் என்பதையும் சொன்னேன். முதலில் சொன்னது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. முதலில் எதைச் சொல்கிறோம் என்று நான் கவனித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வேறு ஒரு அளவுக்காக அந்த வழியே போனேன். கூண்டு திறந்திருந்தது. வருடா வருடம் சிலைக்குப் பெயிண்ட் அடிக்கும் மாமா, தலை முதல் கால் வரை சாம்பல் தூசியோடு நின்றார். கையில் கிரைண்டர். படகின் பழைய மேல்தோலை எடுக்க அதைத்தான் வைப்பார்கள், அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் முழுக்க உரிந்துவிடும். தெருவில் பாதிப் பேர் சுற்றி நின்றார்கள். பெரியம்மா பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வா பாப்பா,” என்றார் மாமா. “நீ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு காத்தாலயே ஆரம்பிச்சிட்டேன். பாரு, எப்டி பளபளன்னு கீது.”

கடப்பா கல் ஏடு ஏடாக இருக்கும். பட்டி அதனோடு இறுகினால் கல்லைவிடக் கெட்டியாகிவிடும். மேலே இருப்பதை உரித்தால் கல்லின் ஒரு ஏடும் சேர்ந்து வரும். இதை நான் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். ஈரமாக, புதிதாக வெட்டிய கல் போல இருந்தது. மேல் வரி மட்டும் ஆழமாகச் செதுக்கப்பட்டிருந்ததால் தப்பித்திருந்தது. அது மேஸ்திரியின் பெயர். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

மாமா கிரைண்டரின் ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். கீழே தூசியில் ஏதாவது துண்டு கிடக்குமா என்று பார்த்தேன். நீலமும் சாம்பலும் கலந்த மாவுதான் கிடந்தது.

“இன்னா எழுதிகீது கண்ணு?” என்றார் பெரியம்மா. அவருக்குப் படிக்கத் தெரியாது. கழுவின கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“பேரு மட்டும்தான் இருக்குது பெரியம்மா.”

“மீதி?”

பெயருக்குக் கீழே வழவழப்பாக இருந்த இடத்தில் அவர் விரலை எடுத்து வைத்தேன். பிறகு அவர் என்னைத் தனியாக வீட்டு வாசலுக்கு அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தவில்லை.

“நீ எழுது. எங்களுக்குக் குடுத்தாருன்னு எழுது. ஊருக்கே தெரிஞ்ச விசயந்தானே. நீ எழுதிட்டா கீதுன்னு ஆயிடும்.”

“யார் படிச்சது பெரியம்மா? நீங்க யாராச்சும் படிச்சத பாத்திருக்கீங்களா?”

“எங்கம்மா சொல்லிச்சு.”

“அவங்க படிச்சாங்களா?”

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. புதிதாகப் பார்ப்பவளைப் பார்ப்பது போல இருந்தது. மூன்று வருடம் அவர் வீட்டில் சாப்பிட்டவள் நான்.

மாலையில் தோழி வந்தாள். சிலைக்கு முன்னால் அவள் வந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் முறை. கல்லுக்கு அருகே குத்துக்காலிட்டு, போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தினாள். ஆழமில்லாத எழுத்தும் அப்படிச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து தெரியும். எதுவும் தெரியவில்லை. பெரியம்மா வாசலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் யார் வீட்டுப் பெண் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். எழுந்தபோது தோழி என்னிடம் சொன்னாள்:

“அவரு பேரு மட்டும் நிக்குது பாருடி. மத்தவங்கள எல்லாம் எடுத்துட்டாங்க.”

புதன்கிழமைக்கு வர வேண்டியவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அந்த இரண்டு நாளும் ஆறாவது ஏழாவது கட்டங்களுக்காகத் தாளைத் திறந்து திறந்து மூடினேன். பெரியம்மா சொன்னதை எழுதலாம். தோழி வீட்டில் மனப்பாடமாகச் சொல்வதை எழுதலாம். ‘செவிவழிச் செய்தி’ என்று ஒரு சொல் சேர்த்து இரண்டையுமே எழுதலாம். ஆனால் தாளில் ஆதாரக் கட்டத்தின் முழுத் தலைப்பு, ‘இடத்தில் கண்ட ஆதாரம்’. கண்டதை எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இல்லாததை இருக்கிறது என்று நானே எழுத ஆரம்பித்தால், நாளைக்கு வேறு யாரோ இருப்பதை இல்லை என்று எழுதும்போது எந்த வாயால் கேட்பது என்றும் யோசித்தேன். இது நல்ல காரணமா, பயத்துக்குப் போட்ட பெயிண்டா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. புதன் மாலை எழுதினேன்: கடப்பா கல், முதல் வரியில் ஒரு பெயர், மற்றவை சேதமடைந்துள்ளன, ஆதாரம் இல்லை, அகற்றலாம். கீழே கையெழுத்துப் போட்டேன்.

சிலையை எடுத்த அன்று நான் அங்கே இருக்க வேண்டியிருந்தது. கூண்டை வெட்ட அரை மணி நேரம் ஆனது, சிலையைத் தூக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்துப் பாதி காலியாக இருந்தது. தோழி வரவில்லை, அவளுக்கு ஷிப்ட். தெருவில் யாரோ அழுதார்கள், யாரோ திட்டினார்கள், பெரும்பாலானவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். பீடத்தைக் கல்லோடு சேர்த்து உடைத்து லாரியில் போட்டார்கள். வடிகால் நேராக ஓடியது.

அடுத்த மாதம் தாலுகா அலுவலகத்திலிருந்து தெருவுக்குக் கடிதம் வந்தது. மனுவை முடிப்பதற்கு முன் கடைசியாக ஏதாவது ஆவணம் இருந்தால் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பெரியம்மா என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு ஏலத்துக்குப் போகவில்லை. பிளாஸ்டிக் கவரில் ரேஷன் கார்டு, கரண்டு பில், வாக்காளர் அட்டை, சிலைக்கு முன்னால் எடுத்த ஒரு கல்யாண போட்டோ. போட்டோவில் பீடம் நீலமாக வழவழவென்று இருந்தது. நான் என் பையில் சர்வே தாளின் நகலை வைத்திருந்தேன். அப்படி ஒரு சிலையும், அதன் கீழே பெயர் வெட்டிய ஒரு கல்லும் அந்தத் தெருவில் இருந்தன என்று சொல்லும் அரசாங்கக் காகிதம் இப்போது உலகத்தில் அது ஒன்றுதான்.

எழுத்தர் வயதில் என்னைவிடச் சற்று மூத்த பெண். பொறுமையாக ஒவ்வொன்றையும் பார்த்தார். கரண்டு பில் குடியிருப்பதைத்தான் காட்டும், உரிமையைக் காட்டாது என்றார். போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். நகலை மட்டும் இரண்டு முறை படித்தார்.

“இதுல ஆதாரம் இல்லைன்னு தெளிவா எழுதியிருக்காங்களே. யாரு தயார் பண்ணது?”

“நான்தாங்க,” என்றேன்.

அவர் தாளின் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவை.

“அப்போ நீங்க என்ன கேக்க வந்திருக்கீங்க?”

சொல்வதற்கு என்னிடம் பல இருந்தன. பட்டி, கிரைண்டர், கல்லின் ஏடு, தண்டவாளம், இரண்டு வீடுகளில் மனப்பாடமாக இருக்கும் ஒரே வரியின் இரண்டு பாதிகள். எதை முதலில் சொல்வது என்று வரிசைப்படுத்தப் பார்த்தேன். பின்னால் நின்றவர் தன் மனுவை மேசை மேல் வைத்துவிட்டார். எழுத்தர் என் தாளை எடுத்து, பெரியம்மா தெருவின் மனுக்கட்டுக்கு மேல் வைத்து, குண்டூசி குத்தினார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே படியில் இறங்கும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா சொன்னாங்க?”

“வாங்கிக்கிட்டாங்க பெரியம்மா.”

“உன் தாள வச்சிக்கினாங்களா?”

“ஆமா.”

“அப்பாடி,” என்றார் பெரியம்மா. கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தார்.